முதல் இன்லைன் மாரத்தானுக்கு நாலு மாதம்: எங்கிருந்து ஆரம்பிப்பது

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன், இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும். நீங்கள் வாரத்தில் மூன்று நாள் ஓடுகிறவர், 10 கி.மீ. ஓடினால் பெரிதாக மூச்சு வாங்குவதில்லை. ஸ்கேட் கட்ட ஆரம்பித்துச் சில மாதம்தான் ஆகிறது, 6 கி.மீ. தாண்டினாலே கீழ்முதுகு பிடித்துக்கொள்கிறது, உள்ளங்கால் எரிகிறது. நாலு மாதத்தில் 42 கி.மீ. இன்லைன் மாரத்தானுக்கு (சக்கரங்கள் ஒரே வரிசையில் இருக்கும் ஸ்கேட்டில் போகும் பந்தயம்) பெயர் கொடுத்திருக்கிறீர்கள். முடியுமா, எப்படிப் பயிற்சி எடுப்பது, பெரிய சக்கரம் வாங்கினால் சுலபமாகுமா என்று கேட்கிறீர்கள்.

முடியும். ஓடி ஓடி வளர்த்த மூச்சு உங்கள் கைவசம் இருக்கிறது, புதிதாக வரும் பலரிடம் அது இருக்காது. ஆனால் இந்தப் பந்தயத்துக்கு முதல் தடவை வருகிறவர்களைப் பாதி வழியில் ஓரமாக உட்கார வைப்பது பெரும்பாலும் மூச்சுப் பிரச்சினை இல்லை, கீழ்முதுகும் கணுக்காலும் பாதமும்தான். உங்களுக்கு 6 கி.மீ.யிலேயே இந்த மூன்றில் இரண்டு வந்துவிட்டது. அதனால் நாலு மாதத்தில் முதல் பாதியில் வேகத்தையும் தூரத்தையும் விட, எப்படி நிற்கிறீர்கள், எப்படித் தள்ளுகிறீர்கள் என்பதற்கே அதிகக் கவனம் கொடுங்கள். கீழே சொல்லும் எல்லாமே அதை ஒட்டித்தான் வரும்.

முதலில் தூரத்தைப் பற்றி ஒரு கணக்கு. இன்லைன் மாரத்தானும் ஓட்ட மாரத்தான் போலவே 42.195 கி.மீ.தான். உலகின் முன்னணி வீரர்கள் அதை ஒரு மணி நேரத்துக்குள் முடிக்கிறார்கள், அதாவது மணிக்கு 42 கி.மீ.க்கு மேல். பெர்லின் இன்லைன் மாரத்தானைப் பலமுறை வென்ற பெல்ஜியத்தின் பார்ட் ஸ்விங்ஸ் அந்த ரகம், பனித்தளத்தில் நடக்கும் ஸ்பீடு ஸ்கேட்டிங்கிலும் 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர். முதல் தடவை வருகிற நீங்கள் மணிக்கு 16 முதல் 20 கி.மீ. வேகத்தில் போனால் இரண்டு மணி சொச்சத்திலிருந்து இரண்டே முக்கால் மணிக்குள் முடித்துவிடலாம், அது நல்ல நேரம்தான். இப்போது இந்தக் கணக்கைப் பாருங்கள்: ஒரு தள்ளலுக்கு 4 மீட்டர் போகிறீர்கள் என்றால் மொத்தம் 10,500 தள்ளல்கள் ஆகும். அதே தள்ளலில் 5 மீட்டர் போனால் 8,400 போதும். ஏறக்குறைய 2,000 தள்ளல்கள் மிச்சம், அத்தனையும் உங்கள் முதுகுக்கும் காலுக்கும் கிடைக்கும் ஓய்வு. அந்தக் கூடுதல் ஒரு மீட்டர் தசை பலத்தால் வருவதை விட, ஒற்றைக் காலில் நிம்மதியாக நின்று வழுக்கிப் போகத் தெரிவதால்தான் அதிகம் வருகிறது.

இதைச் சோதித்துப் பார்க்க, வண்டிகள் இல்லாத இடத்தில் தரையில் நீளமாக ஒரு வெள்ளைக் கோடு இருந்தால் போதும். மெதுவான வேகத்தில் வந்து, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, இன்னொரு கால் சக்கரங்கள் கோட்டை விட்டு விலகாமல் எவ்வளவு தூரம் போகிறீர்கள் என்று பாருங்கள். புதியவர்களுக்கு இரண்டு விநாடியிலேயே ஸ்கேட் உள்பக்கமாக வளைந்து போய்விடும். காரணம், கணுக்கால் உள்ளே சரிந்து சக்கரத்தின் உள்விளிம்பில் நிற்கிறார்கள். சக்கரம் நேராக, அதன் நடு உச்சியில் நின்றால் கோட்டிலேயே போகும். இரண்டு காலிலும் எட்டு பத்து விநாடி வருகிற வரைக்கும் தினமும் பயிற்சியின் ஆரம்பத்தில் பத்து நிமிடம் இதைச் செய்யுங்கள். வேறு எதையும் செய்ய நேரமில்லாத நாளில் இதை மட்டுமாவது செய்யுங்கள் என்றே சொல்வேன்.

அடுத்தது உட்காரும் நிலை. முழங்கால் மடங்கி, இடுப்பு பின்னுக்கும் கீழுக்கும் போய், மார்பு முன்னால் சாய்ந்து, மூக்கும் முழங்காலும் கால் விரல் நுனியும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். முழங்காலை மடக்காமல் இடுப்பிலிருந்து மட்டும் குனிகிறவர்களுக்குத்தான் கீழ்முதுகு சீக்கிரம் பிடிக்கிறது, உங்களுக்கும் அதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன். பக்கவாட்டிலிருந்து யாரையாவது வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். முழங்கால் கிட்டத்தட்ட நேராக இருந்து முதுகு மட்டும் வளைந்திருந்தால் காரணம் தெரிந்துவிடும். பந்தய வீரர்கள் முழங்காலைச் செங்கோணம் வரைக்கும் மடக்குவார்கள், உங்களுக்கு அவ்வளவு ஆழம் இப்போது வேண்டாம். இருபது நிமிடம் தாக்குப்பிடிக்கிற ஆழம் எதுவோ அதில் ஆரம்பித்து மாதா மாதம் கொஞ்சம் கீழே இறங்கினால் போதும்.

தள்ளுவது பின்பக்கமாக இல்லை, பக்கவாட்டில். ஓடுகிறவர்களுக்கு இதைப் பழக்குவது கஷ்டம், ஏனென்றால் உடம்பு காலின் முன்பாதியை ஊன்றிப் பின்னால் உதைத்தே பழகியிருக்கும். ஸ்கேட்டில் அப்படி விரலால் உதைத்தால் முன்சக்கரம் மட்டும் தரையைச் சுரண்டும், கெண்டைக்கால் எரியும், வேகம் வராது. முழுப் பாதமும், சொல்லப்போனால் குதிகால் பக்கம் கொஞ்சம் அதிகமாகவே அழுத்தி, எல்லாச் சக்கரமும் ஒரே நேரத்தில் தரையை விட்டுக் கிளம்புகிற மாதிரி பக்கத்தில் தள்ளுங்கள். சத்தத்தைக் கவனியுங்கள்: தள்ளலின் முடிவில் "சர்ர்க்" என்று ஒரு சுரண்டல் கேட்டால் விரலால் உதைக்கிறீர்கள். தள்ளி முடித்த கால், பின்னால் சின்ன அரைவட்டம் போட்டு உடம்புக்கு நேர் கீழே வந்து இறங்க வேண்டும். புதியவர்கள் அகலமாக இறக்குகிறார்கள், அதனால் தள்ளுவதற்கு மிச்சம் இருக்கும் தூரம் பாதியாகக் குறைந்துவிடுகிறது. இரண்டு கால்களும் ஒன்றையொன்று உரசுகிற அளவு நெருக்கமாக இறக்கப் பாருங்கள், சக்கரம் வெளிவிளிம்பில் கொஞ்சம் சாய்ந்து இறங்கினால் இன்னும் நல்லது.

டபுள் புஷ் (ஒரே காலால் முதலில் வெளிவிளிம்பில் உள்நோக்கியும், பிறகு வழக்கம்போல வெளிநோக்கியும் இரண்டு முறை தள்ளுவது) பற்றி வீடியோக்களில் நிறையப் பார்த்திருப்பீர்கள். 1990களில் சாட் ஹெட்ரிக் என்ற அமெரிக்க வீரர் அதை வைத்து எல்லோரையும் தோற்கடித்த பிறகு உலகமே அதற்கு மாறியது (பிறகு அவர் பனிக்குப் போய் 2006 டூரின் ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர் தங்கமும் வாங்கினார்). அருமையான நுட்பம், ஆனால் இந்த நாலு மாதத்தில் தொடாதீர்கள். வெளிவிளிம்பில் உறுதியாக நிற்கத் தெரியாமல் அதை முயன்றால் கால்கள் வெறுமனே நெளியும், வேகம் கூடாது.

சக்கரம், ஷூ விஷயம். பெரிய சக்கரம் ஒருமுறை உருண்டால் வேகத்தைத் தக்கவைக்கும், சொரசொரப்பான தாரிலும் அதிர்வு குறையும், அது உண்மை. ஆனால் சக்கரம் பெரிதாக ஆக நீங்கள் தரையிலிருந்து உயரத்தில் நிற்கிறீர்கள், கணுக்கால் சரிவதும் கூடுகிறது. கணுக்கால் இன்னும் உறுதியாகாத ஒருவருக்கு 125 மி.மீ. மூன்று சக்கரம் வேண்டவே வேண்டாம். இப்போது 80 அல்லது 84 வைத்திருந்தால் 90 நான்கு, 100 நான்கு அல்லது 110 மூன்று, இதில் ஏதாவது ஒன்றுக்குப் போகலாம், அதுவும் முதல் ஒரு மாதத்துக்குள் மாறிவிடுங்கள், பந்தயத்துக்கு இரண்டு வாரம் முன்னால் மாற்றுவது கூடாது. கணுக்காலை மூடாத, தாழ்வான பந்தய ஷூவும் அதே காரணத்தால் அடுத்த வருஷத்துக்கு. செலவு செய்யத் தோன்றினால் சக்கரத்தை விடப் பொருத்தமான ஷூவுக்குச் செய்யுங்கள். நின்றுகொண்டு முழங்காலை மடக்கினால் குதிகால் உள்ளே தூக்கக்கூடாது, நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும், முழங்காலை மடக்கியதும் விலக வேண்டும். பலர் ஒரு சைஸ் பெரிதாக வாங்கிவிட்டு அந்தத் தளர்வைச் சரிக்கட்ட லேஸை இறுக்கு இறுக்கென்று இறுக்குகிறார்கள், அதில்தான் உள்ளங்கால் எரிச்சலும் மரத்துப்போவதும் வருகிறது.

உங்கள் எரிச்சலுக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம்: சமநிலை போய்விடுமோ என்ற பயத்தில் ஷூவுக்குள்ளேயே கால் விரல்களை மடக்கிப் பிடித்துக்கொள்வது. முழங்காலுக்குக் கீழே முன்பக்கத் தசை இறுகி வலிப்பதும் பெரும்பாலும் இதனால்தான். ஸ்கேட் செய்யும்போது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை விரல்களை உள்ளேயே விரித்து அசைத்துப் பாருங்கள். அசைக்க முடியவில்லை என்றால் லேஸின் கீழ்ப்பாதியைத் தளர்த்துங்கள், கணுக்கால் பகுதி மட்டும் இறுக்கமாக இருந்தால் போதும். கொப்புளத்துக்கு மெல்லிய, தையல் உறுத்தாத சாக்ஸ் போடுங்கள். கணுக்கால் எலும்பில் எங்கே சிவக்கிறதோ அங்கே முன்கூட்டியே டேப் ஒட்டிவிடுங்கள், கொப்புளம் வந்த பிறகு ஒட்டுவதில் பிரயோஜனம் குறைவு.

சரி, வாரத் திட்டம். மூன்று நாள் ஸ்கேட், இரண்டு நாள் தரையில் வலுப்பயிற்சி, இரண்டு நாள் ஓய்வு. ஓட்டத்தை விட மனசில்லை என்றால் வாரத்துக்கு ஒரு மெதுவான ஓட்டம் வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் நீண்ட ஸ்கேட்டுக்கு முந்தின நாள் வேண்டாம். மூன்று ஸ்கேட் நாட்களில் ஒன்று நுட்பத்துக்கும் நிறுத்தப் பழகுவதற்கும் முக்கால் மணி நேரம், ஒன்று வேகத்துக்கு, ஒன்று தூரத்துக்கு. முதல் நாலு வாரம் வேக நாளும் நுட்ப நாளாகவே இருக்கட்டும்.

தூர நாளை முதல் மாதம் 8, 10, 12 என்று ஏற்றி நாலாவது வாரம் மறுபடி 8க்கு இறங்குங்கள். இரண்டாவது மாதம் 15, 18, 20, பிறகு 14. மூன்றாவது மாதம் 24, 27, 30, பிறகு 20. நாலாவது மாதம் முதல் வாரம் 33, இரண்டாவது வாரம் 35 அல்லது 36, மூன்றாவது வாரம் 18, நாலாவதில் பந்தயம். 42ஐப் பயிற்சியில் தொட வேண்டிய அவசியமில்லை, 35 போகிற உடம்பு கூட்டத்தோடு போகும்போது 42 போய்விடும். நாலாவது வாரம் இறங்குவதைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள், மூச்சு பலம் உள்ளவர்கள்தான் அந்த வாரத்தைத் தேவையில்லை என்று தாண்டிவிட்டு அப்புறம் கணுக்கால் வீக்கத்தோடு உட்காருகிறார்கள். இதயமும் நுரையீரலும் தயாராக இருப்பதால் தசைநார்களும் தயாராகிவிட்டன என்று ஆகாது, அவை மெதுவாகத்தான் பழகும். தூர நாளின் வேகம் பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியம் பேசுகிற அளவுக்குத்தான் இருக்க வேண்டும்.

ஒரு விஷயம், தூர நாளில் கி.மீ. எண்ணுவதோடு நிலையையும் எண்ணுங்கள். ஆரம்பத்தில் நாலு நிமிடம் சரியான தாழ்ந்த நிலை, ஒரு நிமிடம் நிமிர்ந்து இடுப்பை அசைத்துக்கொண்டு சும்மா உருளுதல், மறுபடி நாலு. மூன்றாவது மாதம் வரும்போது பன்னிரண்டு நிமிடம் தாழ்ந்து, அரை நிமிடம் நிமிர்ந்து. முதுகு வலித்த பிறகு நிமிர்வதை விட வலிக்கும் முன்னாலேயே நிமிர்ந்துவிடுவது நல்லது, பிடித்துக்கொண்ட தசை அதே நாளில் திரும்ப விடுவது அபூர்வம். பந்தயத்திலும் இதையே செய்வீர்கள். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வது பார்க்க அழகாக இருப்பதோடு தோளையும் தளர்த்துகிறது, சமதளத்தில் அப்படியே போகலாம். கிளம்பும்போதும் ஏற்றத்திலும் மட்டும் கைகளை வீசுங்கள்.

வேக நாள் இரண்டாவது மாதத்திலிருந்து: பதினைந்து நிமிடம் உடம்பைச் சூடாக்கிவிட்டு, எட்டு நிமிடம் நாலைந்து சொல் மட்டுமே பேச முடிகிற வேகத்தில், நாலு நிமிடம் மெதுவாக, இப்படி மூன்று தடவை. மூன்றாவது மாதத்திலிருந்து அதை இருபது நிமிடம் இரண்டு தடவை என்று மாற்றுங்கள். வேகம் கூடும்போது நிலை கலைந்தால், அதாவது முழங்கால் நிமிர்ந்து தள்ளல் குறுகி எண்ணிக்கை கூடினால், அன்றைக்கு வேகம் போதும் என்று நிறுத்திவிடுங்கள். கலைந்த நிலையில் தொடர்ந்தால் அந்தக் கலைந்த நிலைதான் பழக்கமாகும்.

தரைப் பயிற்சிக்கு கருவி ஒன்றும் வேண்டாம். நாற்காலி உயரத்துக்கு ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழுவது, பக்கவாட்டு லஞ்ச் (ஒரு காலைப் பக்கத்தில் அகலமாக வைத்து அந்த முழங்காலை மடக்கி இறங்குவது), படுத்துக்கொண்டு இடுப்பைத் தூக்குவது, பிளாங்க் (முழங்கையிலும் கால் விரல்களிலும் ஊன்றி உடம்பை நேராகப் பிடிப்பது), பக்கவாட்டு பிளாங்க், வெறுங்காலில் ஒற்றைக் காலில் கண்ணை மூடி நிற்பது. இவற்றோடு ஸ்கேட் நிலையில் அசையாமல் உட்கார்ந்திருப்பது, முப்பது விநாடியில் ஆரம்பித்து இரண்டு நிமிடம் வரைக்கும். இந்த அரை மணி நேரத்தை அலட்சியம் செய்யாதீர்கள், உங்கள் முதுகுவலிக்கு இதில் பாதி மருந்து இருக்கிறது. இரண்டு மாதம் இவற்றைச் செய்தும் வலி அப்படியே இருந்தால், அல்லது வலி தொடைக்கோ காலுக்கோ இறங்கினால், மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

நிறுத்தத் தெரியாமல் யாரும் பந்தயத்துக்கு வரக்கூடாது என்பது என் உறுதியான அபிப்பிராயம். நீங்கள் ஒரு வார்த்தை கூட இதைப் பற்றிக் கேட்கவில்லை, பெரும்பாலானோர் கேட்பதில்லை. மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் உங்கள் முன்னால் ஒருவர் விழுந்தால் உங்களுக்குக் கிடைப்பது ஒரு விநாடி சொச்சம்தான். ஸ்கேட்டில் ஹீல் பிரேக் இருந்தால் பந்தயக்காரர்கள் வைத்திருப்பதில்லை என்பதற்காகக் கழற்றாதீர்கள், புதியவர்களுக்கு அதுதான் நம்பகமானது. அதற்குத் துணையாக, கால்களை அகட்டிக் குதிகாலை வெளியே தள்ளி வேகம் குறைப்பதையும், பின்காலைக் குறுக்கே இழுக்கும் டி ஸ்டாப்பையும் பழகுங்கள். டி ஸ்டாப் பந்தயச் சக்கரத்தை ஒரு பக்கமாகத் தேய்த்துவிடும் என்பது சரிதான், சக்கரம் மாற்றிக்கொள்ளலாம். சரிவுகளில் வேகம் ஏறிய பிறகு பிரேக் போடுவதை விட, ஏறுவதற்கு முன்னாலேயே குறைத்துக்கொண்டு இறங்குங்கள். ஹெல்மெட் பொதுவாக எல்லாப் பந்தயத்திலும் கட்டாயம், மணிக்கட்டுக் காப்பை யாரும் கட்டாயப்படுத்தாவிட்டாலும் போடுங்கள், விழும்போது கை தானாக முன்னால் போகும். விழப்போகிறோம் என்று தெரிந்தால் இன்னும் தாழ உட்காருங்கள், உயரம் குறைந்த அளவு அடியும் குறையும்.

இப்போது இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, டிராஃப்டிங். சமதளத்தில் ஒரு வேகத்துக்கு மேல் உங்களைத் தடுப்பது பெரும்பாலும் காற்றுதான். காற்றை எதிர்க்கத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறுகிறது: மணிக்கு 20லிருந்து 25 கி.மீ.க்குப் போக அந்தப் பங்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. இன்னொருவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் அதில் கணிசமான பகுதி மிச்சமாகிறது. அதனால்தான் பந்தயத்தில் எல்லோரும் வரிசை வரிசையாக, ஒரே தாளத்தில் போகிறார்கள். தனியாக மணிக்கு 18 கி.மீ. போகிறவர் நல்ல வரிசையில் 21, 22 போவதைச் சாதாரணமாகப் பார்க்கலாம்.

ஆனால் வரிசையில் போவது பழக வேண்டிய திறமை. முன்னால் இருப்பவர் இடது காலைத் தள்ளும்போது நீங்களும் இடது, அவர் வலது என்றால் வலது. தாளம் மாறினால் உங்கள் சக்கரமும் அவர் சக்கரமும் உரசும், "டிக்" என்ற அந்தச் சத்தத்துக்குப் பிறகு பெரும்பாலும் யாராவது கீழே விழுவார்கள். அவர் காலைப் பார்க்காதீர்கள், தோளுக்கு மேலாக இரண்டு மூன்று பேரைத் தாண்டிப் பாருங்கள், அப்போதுதான் முன்னால் நடப்பது தெரியும். ஆரம்பத்தில் ஒன்று ஒன்றரை மீட்டர் இடைவெளி விடுங்கள், பழகப் பழகக் குறைக்கலாம். நெருங்கிவிட்டால் திடீரென்று பிரேக் போடாமல், கொஞ்சம் நிமிர்ந்து காற்றை மார்பில் வாங்குங்கள், வேகம் தானாகக் குறையும். அவசரத்துக்கு முன்னால் இருப்பவரின் கீழ்முதுகில் உள்ளங்கையை மெதுவாக வைக்கலாம், ஸ்கேட்டர்களிடம் அது சகஜம், ஆனால் தள்ளக்கூடாது. வரிசையின் தலையில் உங்கள் முறை வந்தால் வேகத்தைக் கூட்டாதீர்கள், அதே வேகத்தில் ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ இழுத்துவிட்டு, பின்னால் பார்த்துவிட்டு, பக்கத்தில் விலகி, வரிசை கடந்த பிறகு கடைசியில் சேர்ந்துகொள்ளுங்கள். குழி, சாக்கடை மூடி, தண்ணீர் எது வந்தாலும் கையைக் காட்டிச் சத்தமாகச் சொல்லுங்கள், பின்னால் இருப்பவருக்கு உங்கள் முதுகைத் தவிர வேறெதுவும் தெரியாது. இரண்டாவது மாதத்திலிருந்தே ஒன்றிரண்டு பேரோடு சேர்ந்து இதைப் பழகிக்கொள்ளுங்கள், பந்தய நாளில் முதல் தடவையாக முயலாதீர்கள்.

தடத்தைப் பற்றியும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். பெர்லின் போன்ற நகரப் பந்தயம் தட்டையானது, ஆனால் திருப்பங்கள் உண்டு, திருப்பத்தில் வரிசை சுருங்கி விரியும். அமெரிக்காவில் சுப்பீரியர் ஏரிக்கரை ஓரமாக டுலூத் நகருக்கு வரும் நார்த்ஷோர் பந்தயம் ஒரே திசையில் போவது, காற்று எதிரே அடித்தால் முடியும் வரை எதிரேதான் அடிக்கும், அங்கே வரிசையை விட்டுத் தனியாகப் போனால் காலி. உங்கள் தடம் எந்த வகை என்று பார்த்து அதற்குத் தகுந்த மாதிரி பழகுங்கள். தரையில் அடித்த வெள்ளை வண்ணம், இரும்பு மூடி, பாலத்தின் இரும்பு இணைப்பு எல்லாம் ஈரமானால் வழுக்கும். சொரசொரப்பான இடத்தில் ஒரு காலை அரையடி முன்னால் வைத்துக்கொண்டு முழங்காலைத் தளர்த்தி உருண்டு போங்கள், தண்டவாளத்தைச் செங்குத்தாகக் கடந்து போங்கள். மழை பெய்தால் தள்ளலைக் குட்டையாக்கி உடம்புக்கு அடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள், அகலமாகத் தள்ளினால் கால் பறந்துவிடும். நனைந்து வந்த அன்றைக்கே பேரிங்குகளைக் கழற்றித் துடைத்து உலர்த்தி ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள், மறுநாள் என்று விட்டால் துரு பிடித்துவிடும்.

சக்கரங்களை ஒருமுறை கழற்றி வரிசையாக வைத்துப் பார்ப்பது நல்ல பாடம். உள்பக்கம் சாய்வாக, கூம்பு மாதிரி தேய்ந்திருந்தால் கணுக்கால் சரிகிறது என்று அர்த்தம். முன்சக்கரம் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் விரலால் உதைக்கிறீர்கள். இரண்டும் மாதத்துக்கு மாதம் குறைகிறதா என்று பாருங்கள், எந்தப் பயிற்சியாளரை விடவும் நேர்மையாகச் சொல்லும். தேய்ந்தவற்றை ஒன்றும் மூன்றும், இரண்டும் நாலும் என்று இடம் மாற்றி, பக்கத்தையும் திருப்பிப் போடுங்கள். மூன்று சக்கரம் என்றால் தேய்ந்த அளவைப் பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் போவதால் மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து, கால் மணிக்கு ஒருமுறை சில மிடறு தண்ணீர். தண்ணீரைக் கையில் கோப்பையாக வாங்குவது ஸ்கேட்டில் சிரமம், தண்ணீர் தரும் இடத்தில் தரையும் ஈரமாக இருக்கும், அதனால் இடுப்பில் பாட்டில் கட்டிக்கொள்ளுங்கள். எதைச் சாப்பிட்டாலும் நீண்ட பயிற்சியில் முதலில் சாப்பிட்டுப் பாருங்கள்.

கடைசிப் பத்து நாள் தூரத்தைப் பாதிக்கும் கீழே குறையுங்கள், ஆனால் ஸ்கேட்டைக் கட்டாமலே இருந்துவிடாதீர்கள், கால் மரத்துப்போகும். முந்தின இரவு ஒவ்வொரு சக்கரத்தின் அச்சு ஆணியையும் ஃபிரேம் ஆணியையும் கையால் சரிபாருங்கள். காலையில் பதினைந்து நிமிடம் மெதுவாக உருண்டு சூடேற்றுங்கள். கிளம்பும் குழுவை உங்கள் உண்மையான நேரத்தை வைத்துத் தேர்ந்தெடுங்கள், வேகமான குழுவில் நின்றால் முதல் இரண்டு கி.மீ.யில் எல்லோரும் உங்களைச் சுற்றிப் பாய்ந்து போவார்கள், அங்கேதான் விழுகிறார்கள். முதல் 10 கி.மீ. இது ரொம்ப மெதுவோ என்று தோன்றுகிற வேகத்தில், உங்களுக்குப் பொருந்துகிற ஒரு வரிசையைத் தேடிப் பிடித்துக்கொள்ளுங்கள். தாளம் ஒத்து வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள், பின்னால் இன்னொரு வரிசை வரும். 30 கி.மீ.க்கு அப்புறம் கணுக்கால் சரிய ஆரம்பிக்கும், எல்லோருக்கும் சரியும். அப்போது வேகத்தைப் பிடித்துத் தொங்காமல் பத்துத் தள்ளல்களுக்கு ஒற்றைக் கால் நேராக நிற்பதை மட்டும் நினைத்துக்கொண்டு போங்கள், வேகம் அதுவாகவே திரும்ப வரும். முடிவுக்கோடு தெரிந்ததும் மிச்சமிருக்கும் பலத்தைக் கொட்டலாம், ஆனால் கோட்டைத் தாண்டியவுடன் நிமிர்ந்து நின்று திரும்பிப் பார்க்காதீர்கள். பின்னால் முழு வேகத்தில் ஒரு வரிசை வந்துகொண்டிருக்கும், அவர்களில் பாதிப் பேருக்கு நிறுத்தத் தெரியாது. தடுப்பு முடிகிற இடம் வரைக்கும் நேராக உருண்டு போய், ஓரம் ஒதுங்கி, அதற்கப்புறம் உட்காருங்கள்.